கடைசி வாரம் இல்லாத ஓடக்காரி

இன்று காலை எங்கள் தெருமுனைச் சுவரில் யாரோ போஸ்டர் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மிச்சப் பசையைச் சாக்கடை ஓரம் கவிழ்த்திருந்தார்கள். மைதாவும் மயில்துத்தமும் சேர்ந்து வெந்த வாசனை. காய்ந்த காகிதத்தை நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்தது போல. கையில் பால் பாக்கெட்டோடு அங்கேயே நின்றுவிட்டேன். நிற்பதற்கு முழங்கால் ஒரு காரணம். வாசனை இன்னொன்று.

நம் பள்ளிக்கூடக் குழுவில் நேற்று ஒருத்தி கேட்டிருந்தாளே, பார்த்தீர்களா? "உங்க குவார்ட்டர்ஸ் பின்னாடி கொய்யா மரத்தடியில கிசுகிசுன்னு ஒரு கதை படிப்பாங்களே, ஓடக்காரி கதை, கடைசியில அவ என்னதான் ஆனா?" என்று. கேட்டதற்கு நீங்கள் எல்லோரும் வரிசையாகச் சிரிக்கும் பொம்மை போட்டீர்கள். பதில் தெரிந்தவள் நான் மட்டும்தான், நான் ஒன்றும் போடவில்லை. கட்டைவிரலால் சொல்லி முடிகிற விஷயமில்லை அது. சொல்லாமல் சுமக்கவும் இப்போது தெம்பில்லை.

நம் வீடுகளில் நேரம் கடிகாரத்திலா இருந்தது? ஷிப்டில் இருந்தது. அப்பா நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பக்கம். நைட் ஷிப்ட் வாரத்தில் காலையில் வந்து குளித்து, சோறு தின்று, ஜன்னலில் ஈரத்துண்டு தொங்கவிட்டுப் படுத்துவிடுவார். அதன் பிறகு தட்டு தரையில் மோதக்கூடாது. குழாயடியில் குடம் உரசக்கூடாது. அப்பா பகல் ஷிப்டுக்கு மாறினால், அதே வாரம் சுவருக்கு அந்தப் பக்கத்து மாமா நைட்டுக்குப் போயிருப்பார். ஆக, எங்கள் வரிசை வருஷம் முழுக்க யாரோ ஒருவருடைய தூக்கத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தது. கிசுகிசுப்பாகப் பாண்டி ஆடினோம், கிசுகிசுப்பாக அழுதோம். இன்றும் போனில் என்னிடம் பேசுகிறவர்கள், கொஞ்சம் சத்தமாகப் பேசுங்களேன் என்கிறார்கள்.

அந்தக் கோடையில் எனக்குப் பதினோரு வயது. சித்தி, அம்மாவின் ஒரே தங்கை, கிராமத்து நர்சுக்கான பயிற்சியை முடித்துவிட்டு வேலை உத்தரவுக்காகக் காத்துக்கொண்டு எங்கள் வீட்டில் வந்து இருந்தாள். அவர்களுக்குத் தாய் தகப்பன் இல்லை. திருவதிகைப் பக்கத்து வீட்டைப் பெரியப்பா வகையறா எடுத்துக்கொண்டிருந்தார்கள். சித்தி வரும்போது ஒரு டிரங்குப் பெட்டியும், அண்ணன் முறைக்காரன் ஒருவன் ஓட்டிக் கழித்த சைக்கிளும் கொண்டுவந்தாள். ஆண்கள் சைக்கிள். பாரைத் தாண்டிக் காலைப் போட்டு அவள் ஏறும் விதத்தை நம் தெருவே கொல்லைக் கதவிடுக்கில் நின்று பார்த்தது.

மே மாதம் அது. கொடியில் காயப்போட்ட வெள்ளைத் துணியில் சாயங்காலத்துக்குள் பழுப்பு நிலக்கரித் தூசி மெல்லிய தேநீர்க் கறை போலப் படியும். தெருவுக்கு ஒரு வீட்டிலாவது பண்ருட்டிப் பலாப்பழம் அறுபடும். அந்த வாசனைக்குக் கதவே கிடையாது.

மத்தியானம் சமையல் ஒழிந்ததும் பெண்கள் எங்கள் கொய்யா மரத்தடிக்கு வருவார்கள். அம்மா தன் கல்யாணப் பெட்டியின் அடியிலிருந்து அந்தப் பைண்டை எடுப்பாள். வாரப் பத்திரிகையில் தொடராக வந்த கதையைப் பக்கம் பக்கமாகக் கிழித்துச் சேர்த்து, கறுப்புக் காலிகோ முதுகு போட்டுத் தைத்தது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்றிரண்டு இருந்திருக்கும். அதைத் திறந்தாலே பசை வாசனை. கதை நல்ல இடத்தில் நிற்கும், எதிர்ப்பக்கத்தில் பாதி மோர்க்குழம்புக் குறிப்பு. கதாநாயகி கண்ணீர் விடும் பக்கத்தைத் திருப்பினால் கூந்தல் தைல விளம்பரத்தில் ஒருத்தி சிரித்துக்கொண்டிருப்பாள். தலைப்பு அச்சான முதல் தாளைக் கரையான் எடுத்துக்கொண்டுவிட்டது. அதனால் நாங்கள் வைத்ததுதான் பெயர்: ஓடக்காரி கதை.

அம்மா தலைமுறைப் பெண்கள் வெள்ளிக்கிழமை எப்போது வரும் என்று காத்துக்கிடந்து படித்த கதையாம். தகப்பன் செத்ததும் அவனுடைய ஓடத்தைத் தானே ஓட்டுகிற ஒரு பெண். ஆற்றுக்குப் பாலம் கட்ட வருகிற ஓர் இஞ்சினியர். தினமும் அவள் ஓடத்தில்தான் அக்கரைக்குப் போகிறான். பாலம் வளர வளர அவள் பிழைப்பு தேய்கிறது, அவர்களுக்குள் பிரியம் வளர்கிறது. அவன் அவளைக் கேட்கிறான். அவள் சொல்கிறாள்: "பாலம் முடிந்த பிறகு கேளுங்கள். இப்போது நான் சொல்கிற பதிலில் ஓடமும் கலந்திருக்கும்."

சித்திதான் வாசிப்பாள். அறைக்குள் அப்பா தூங்குவதால் குரல் எடுக்க முடியாது. எல்லாத் தலைகளும் ஒன்றோடொன்று இடிக்கிற மாதிரி குனிந்து கேட்கும். காதல் வசனங்களை நான் முதன்முதலில் கேட்டது அப்படித்தான், ரகசியம் பேசுகிற குரலில். எல்லாக் காதலும் அப்படித்தான் பேசப்படும் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். பிறகு கல்யாணமும் செய்துகொண்டேன். அதை விடுங்கள்.

விஷயம் என்னவென்றால், அந்தப் பைண்டில் கடைசி வாரம் இல்லை. பாலத் திறப்பு விழா. இஞ்சினியர் நடுப்பாலத்தில் வந்து நின்று கீழே பார்க்கிறான். நடு ஆற்றில் அவள் துடுப்பைத் தண்ணீரிலிருந்து தூக்குகிறாள். 'அடுத்த இதழில் முடியும்.' அவ்வளவுதான். அந்த அடுத்த இதழ் வந்த வாரத்தில்தான் அம்மாவுக்குக் கல்யாணம். வீடு நிறைய ஜனம், பந்தல், பாத்திரம். யாரோ பத்திரிகையைப் பலகாரம் மடிக்க எடுத்துக்கொண்டார்கள். அம்மா நெய்வேலிக்கு வந்துவிட்டாள்.

முடிவு தெரியுமா என்றால் வரிசையில் எல்லோருக்கும் தெரியும். அதுதான் வேடிக்கை. ஆளுக்கொரு மாவட்டத்திலிருந்து வந்தவர்கள், ஆளுக்கொரு முடிவோடு வந்திருந்தார்கள்.

மதுரைக்காரம்மா சத்தியம் செய்வாள்: "அவனையத்தேன் கட்டுனா. நாந்தேன் படிச்சேன்ல. பிள்ளைக்குப் பேர்கூட வச்சாக."

"ஒண்ணும் கெட்டல," என்பார் நாகர்கோவில் டீச்சர். "ஓடத்த வித்துப்போட்டு அவ பாட்டுக்குப் போயிட்டா. நீங்க வேற ஏதோ கதைய வாசிச்சிருக்கிய."

கோயமுத்தூரக்கா தட்டில் அரிசியைக் கிளறியபடி, "அந்தப் புள்ள ஆத்தோட போயிருச்சுங்க," என்று முடித்துவிடுவாள். பிறகு மறுபடி ஆரம்பிக்கும்.

அம்மா மட்டும் இதில் கலந்துகொள்ள மாட்டாள். பைண்டை வாங்கி, முந்தானையால் ஒரு துடைப்புத் துடைத்து, உள்ளே கொண்டுபோய் வைப்பாள். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அந்த ஓர் இதழை அவள் யாரிடமும் கேட்டதில்லை. கேட்கக் கூச்சம் என்று நான் நினைத்தேன். சித்தி வேறு மாதிரி நினைத்திருக்கிறாள்.

சித்திக்கு மாப்பிள்ளை பார்த்தது அப்பாதான். சுரங்கத்தில் பெர்மனென்ட். மாதா கோவிலில் பின்வரிசையில் நிற்கிற ஆள், அதிகம் பேசாதவர். இன்னும் இரண்டு பேரோடு ஹாஸ்டல் அறையில் இருந்தார். கல்யாணமானால் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். பெண் பார்க்க வந்த அன்று பெரியவர்கள் உள்ளே பேசிக்கொண்டிருக்க, அவர் வாசலில் நின்ற சித்தியின் சைக்கிள் பின்சக்கரத்தை அழுத்திப் பார்த்தார். பக்கத்து வீட்டில் பம்ப் வாங்கிவந்து காற்றடித்தார். ஜன்னல் வழியாகச் சித்தி அதைப் பார்த்ததை நான் பார்த்தேன். பிடிக்கவில்லை என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரமே வேலை உத்தரவு வந்துவிட்டது. கல்வராயன் மலை அடிவாரத்தில் ஒரு கிராமம். மாதக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும். மாப்பிள்ளையின் அம்மா ஒரு முழுப் பலாப்பழத்தோடு வந்து உட்கார்ந்தார். "எங்க வூட்டுல பொம்பள சம்பாரிச்சித் திங்கற நெலம இல்லைங்க," என்றார். குரலில் கோபம் இல்லை, பெருமைதான் இருந்தது.

அவர் போனதும் சித்தி அப்பாவிடம் சொன்னாள்: "ஒரு வருசம் வேல பாத்துட்டு வந்து கட்டிக்கிறேன் மாமா. இல்லையா, கட்டிக்கினே போறேன். ரெண்டுல எது ஆவும்னு கேட்டுச் சொல்லுங்க."

அப்பா கேட்டார். அதைச் சொல்லாவிட்டால் பாவம். ஷிப்ட் முடிந்து தூங்காமல், இரண்டு முறை ஹாஸ்டலுக்குப் போய் மாப்பிள்ளையிடம் பேசினார். மாப்பிள்ளை, தன் அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே முதல் ஓலை வாசித்தாகிவிட்டது.

உங்களில் பலருக்கு ஓலை தெரியாது. எங்களில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் அறிவிப்பார். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம், யாருக்காவது விக்கினம் தெரிந்தால் வந்து சொல்லுங்கள் என்று. ஒவ்வொரு வாரமும் ஓர் ஓலை. அதுவும் தொடர்கதைதான். மூன்றாவது வாரம் முடியும்.

முதல் ஓலைக்குப் பிறகு வந்த வியாழக்கிழமை. சித்தி என்னைக் கேரியரில் வைத்து மெயின் பஜாருக்கு மிதித்தாள். பழைய பேப்பர் கடை. அங்கே நான்கைந்து வாரமாகவே போய்க்கொண்டிருந்தாள். பண்ருட்டிக் கடைகளுக்குப் பொட்டலம் மடிக்கப் போகிற கட்டுகளைக் கடைக்காரர் அவளுக்காக அவிழ்த்துக் காட்டுவார். எதைத் தேடுகிறாள் என்று நான் கேட்கவில்லை. எனக்கு அங்கே சினிமாப் படம் போட்ட அட்டைகள் கிடைத்தன. அன்றைக்குக் கடைக்காரர் சிரித்துக்கொண்டே மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். சித்தி நின்ற இடத்திலேயே அதைப் பார்த்தாள். பிறகு ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

"அக்காகிட்ட இப்ப சொல்லாத," என்றாள் திரும்பும்போது. காரணம் சொல்லவில்லை.

நான் சொன்னேன். அன்றைக்கே சொன்னேன். அம்மா கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலா உரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு விஷயம் கிடைத்திருந்தது, அதைச் சொல்ல ஒரு மொழியும் கிடைத்திருந்தது. ஒன்றரை மாதமாக நான் கேட்டுக்கொண்டிருந்த மொழி அது.

"கடைக்கார அங்கிள் ஒரு மடிச்ச காகிதத்தைச் சித்தி கையில கொடுத்தாரும்மா. சித்தியின் விழிகள் தாழ்ந்தன. கன்னங்கள் சிவந்தன. அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்."

ஒரு சொல்கூடப் பொய்யில்லை. மே மாத வெயிலில் டபுள்ஸ் மிதித்தால் யார் கன்னமும் சிவக்கும். கையில் இருப்பதைப் படித்தால் விழி தாழத்தான் செய்யும். ஆனால் கதையின் வரிகளில் சொன்னால் எதுவும் கதையாகிவிடும் என்று பதினோரு வயதில் யார் எனக்குச் சொன்னார்கள்? பிறகு இத்தனை வருஷம் எழுதிக் கொட்டியும் அந்த மூன்று வரிக்குப் பக்கத்தில் வருகிற மாதிரி ஒன்றை நான் எழுதவில்லை. யாரும் அவ்வளவு முழுசாக என்னை நம்பியதில்லை.

அம்மா பலாவை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். எண்ணெய்க் கையோடு அப்பாவை எழுப்பினாள். தூங்குகிற அப்பாவை அவள் எழுப்பி அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அப்பா சித்தியிடம் ஒன்றும் கேட்கவில்லை. சாயங்காலம் சாமியாரிடம் போய், இரண்டாம் ஓலையையும் மூன்றாம் ஓலையையும் வரும் ஞாயிறே சேர்த்து வாசித்துவிட அனுமதி வாங்கி வந்தார். அடுத்த புதன் கல்யாணம். வேலைப் பேச்சு முடிந்தது. சித்தியிடம் கல்யாண நாளை மட்டும் சொன்னார்கள், காரணத்தைச் சொல்லவில்லை. அவளும் என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாளே தவிர, கேட்கவில்லை. கதைப் புத்தகத்தால் வந்த வினை என்று, பைண்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் அப்பா பரணில் தூக்கிப் போட்டார். அன்றிலிருந்து கொய்யா மரத்தடிக்கு யாரும் வரவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கிசுகிசுப்பைக்கூடத் தடுக்காத சுவர்கள் நம்முடையவை.

ஞாயிறு பூசை. மாதா கோவில் மின்விசிறிகள் நீண்ட தண்டுகளில் ஆடின. அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். சாமியார் அறிவிப்புத் தாளை எடுத்தார். யாரோ ஒருவருக்கு முதல் ஓலை. இன்னொருவருக்கு மூன்றாம் ஓலை. தாளை மடித்துவிட்டார். சித்தியின் பெயர் வரவில்லை. அம்மாவின் பிடி இறுகிக்கொண்டே போனது, எனக்கு விரல் மரத்துப்போனது. ஆண்கள் பக்கத்தில் மாப்பிள்ளை தலை குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை மாலையே சித்தி தனியாகப் போய்ச் சாமியாரைப் பார்த்திருக்கிறாள். என்ன விக்கினம் என்று கேட்டாராம். "என்ன யாரும் கேக்கல சாமி. அதான் விக்கினம்," என்றாளாம். இது கோவிலில் ஜெபம் சொல்லித்தருகிற உபதேசியாரின் மனைவி வழியாகப் பிறகு எங்களுக்கு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் எங்கள் குடும்பத்தின் ஆகப் பெரிய சண்டை நடந்தது. பக்கத்து மாமாவுக்கு அந்த வாரம் நைட் ஷிப்ட், ஞாயிற்றுக்கிழமை பகலில் தூங்கிக்கொண்டிருந்தார். அதனால் அது முழுவதும் கிசுகிசுப்பாகவே நடந்தது. அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. குரல் மட்டும் மூச்சாகவே வந்தது. யார் அவன், அந்தக் கடிதத்தை எடு என்றார்.

சித்திக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகு என்னைப் பார்த்தாள். டிரங்குப் பெட்டியைத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து மடித்த தாள்களை எடுத்து அப்பா கையில் கொடுத்தாள்.

ஒரு பக்கம் பல்பொடி விளம்பரம். திருப்பினால் படம். பாலத்துக்குக் கீழே ஓடம், ஓடத்தில் ஒருத்தி. மேலே கொட்டை எழுத்தில்: இந்த இதழில் முடிகிறது.

அப்பாவுக்கு அது என்னவென்றே தெரியவில்லை. பகலில் கொய்யா மரத்தடியில் நடந்த எதுவும் அவருக்குத் தெரியாது, அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா பக்கம் நீட்டினார். "என்ன இது? உனுக்குத் தெரியுமா?"

அம்மாவின் கண் அந்தப் படத்தின் மேல் இருந்தது. முகத்தில் அடித்தாற்போல ஒரு வெளிச்சம் வந்து போனதை நான் பார்த்தேன். அக்காவுக்காகத் தங்கை நான்கைந்து வாரம் வெயிலில் அலைந்து தேடிய பொருள். ஒரு வார்த்தை போதும்.

"எனக்குத் தெரியாது," என்றாள் அம்மா.

நானும் வாய் திறக்கவில்லை. ஏன் அப்படிச் சொன்னாள் என்று வெகுகாலம் அவளை மனதுக்குள் நிற்கவைத்துக் கேட்டிருக்கிறேன். இப்போது அவள் அன்றைக்கு இருந்த வயதை நான் தாண்டிவிட்ட பிறகு கேட்கத் தோன்றவில்லை. தெரியும் என்று சொல்லியிருந்தால், கல்யாணத்தன்று நின்றுபோன ஒன்றை இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன் என்று புருஷன் முன்னால் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்திருக்கும். அதற்கு அவளுக்குப் பழக்கம் இல்லை.

அப்பா தாள்களைக் கட்டில்மேல் வைத்தார். "ஓல நின்னு போச்சி. எந்த மூஞ்சியோட ஷிப்டுக்குப் போவேன்?"

"நிக்கத்தான் மாமா சொன்னேன். கிழிக்கச் சொல்லல," என்றாள் சித்தி. "அவுரு ஒரு வருசம் காத்துக்கினு இருந்தா நானே வந்து நிப்பேன். போயிச் சொல்லுங்க."

அப்பா போய்ச் சொல்லவில்லை. யாரும் போய்ச் சொல்லவில்லை.

அப்புறம் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொல்லத் தெம்பு இருக்காது. மாப்பிள்ளைக்கு அந்தக் கார்த்திகைக்குள் வேறு கல்யாணம் ஆனது. நம் பக்கத்து பிளாக்கிலேயே குவார்ட்டர்ஸ் கிடைத்தது. நல்ல மனுஷர். என்னைப் பார்க்கும்போதெல்லாம், சித்தி விட்டுப்போன சைக்கிளின் டயரை ஒரு பார்வை பார்ப்பார். சித்தி மலை அடிவாரத்தில் பிரசவம் பார்த்தாள், தடுப்பூசி போட்டாள், ஊர் ஊராக மாற்றலானாள். நாற்பதைத் தொடும்போது மனைவியை இழந்த ஒரு வாத்தியாரைக் கட்டிக்கொண்டாள். அவரும் போய்விட்டார். இப்போது பென்ஷனில் தனியாக இருக்கிறாள். போன் செய்தால் முட்டிவலித் தைலத்தைப் பற்றிப் பேசுகிறாள். சந்தோஷமாக இருந்தாயா சித்தி என்று ஒருமுறை கேட்டேன். "நடந்தது, நடந்தது, நெறைய நடந்தேன்டி," என்றாள். அந்த மூன்று வரியைச் சொன்னது நான்தான் என்று மட்டும் இன்றுவரை நான் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும்.

அப்பா ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து சாவியைக் கொடுத்தோம். கொய்யா மரத்தை யாரிடம் ஒப்படைப்பது என்று எந்தப் படிவத்திலும் இல்லை. சைக்கிள் எங்கே போனது என்று தெரியவில்லை. பைண்டு மட்டும் அம்மாவுக்குப் பிறகு என்னிடம் வந்தது. அட்டைக்குள் அந்த மடித்த தாள்கள் இருந்தன. அம்மா அதைப் பைண்டோடு சேர்த்துத் தைக்கவில்லை. மடிப்புகள் தேய்ந்து தேய்ந்து விட்டுப்போய், மைதாப் பசை தடவி ஒட்டி, ஒட்டிய இடமும் தேய்ந்து, மறுபடி ஒட்டி. எத்தனை மத்தியானங்கள்! வரிசைப் பெண்கள் பிற்பாடு முடிவு தெரிந்ததா என்று கேட்டபோதெல்லாம், அதைப் படிக்க எனக்கு ஏது நேரம் என்பாள்.

நானும் படித்துவிட்டேன். மதுரைக்காரம்மா சொன்னதும் இல்லை, டீச்சர் சொன்னதும் இல்லை, கோயமுத்தூரக்கா சொன்னது இல்லவே இல்லை. குழுவில் கேட்டவளே, கோபித்துக்கொள்ளாதே. அந்தத் தாள்கள் என் கையில் இருக்கின்றன, என்னுடையவை இல்லை.

அந்தச் சண்டைக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை காலை சித்தி புறப்பட்டாள். அப்பா பகல் ஷிப்டுக்குப் போன பிறகு. உளுந்தூர்பேட்டை வழியாகப் போகிற பஸ். பெட்டியை நானும் அவளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிப்போனோம். வழியெல்லாம் நான் சொல்லிவிட நினைத்தேன். பெட்டி கனம், மூச்சு வாங்கியது, சொல்லவில்லை. ஞாயிறு முதல் அம்மா அவளோடு பேசவே இல்லை. பஸ் ஸ்டாண்டுக்கும் வர மாட்டாள் என்றுதான் நினைத்தோம்.

பஸ் உறுமத் தொடங்கியபோது அம்மா வேகமாக வந்தாள். தலை சீவாத அம்மா. ஜன்னல் வழியாகத் தூக்குச்சட்டியை உள்ளே திணித்தாள். எலுமிச்சைச் சாதத்தின் சூடு பட்டுச் சித்தி கையை உதறினாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. சித்தி மடியிலிருந்து அந்தத் தாள்களை எடுத்து வெளியே நீட்டினாள். அம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வாங்கினாள், நான்காக இருந்ததை எட்டாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கண்டக்டர் விசில் கொடுத்தார்.

"அவ கடைசியில என்ன பண்ணான்னு சொல்லட்டுமாக்கா?" என்றாள் சித்தி. அந்த இரைச்சலிலும் பழக்கத்தில் கிசுகிசுப்பாக.

பஸ் நகர்ந்தது. அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கூடவே நாலு எட்டு நடந்தாள். நான் கேட்டிராத அளவுக்கு, ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னாள்:

"சொல்லாத. நானே படிச்சிக்கிறேன்."